இரண்டு பாவாடை உடுத்துப் போனவள்

குணவதி மகேஸ்வரனுக்கு அறுபத்தொரு வயது. கனடாவின் ரொறன்ரோ நகரில், டோர்செட் பார்க்கில் ஒரு சின்னப் பிளாசாவில், ரொட்டிக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் அவருடைய தையற்கடை இருக்கிறது. புதிதாக உடுப்புத் தைப்பது அங்கே குறைவு. காற்சட்டையின் கால் நீளத்தைக் குறைப்பது, குளிர் ஜக்கெற்றுக்குச் சிப் மாற்றுவது, மெலிந்தவர்களுக்கு ஒடுக்கிக் கொடுப்பது, உடம்பு வைத்தவர்களுக்கு அகட்டிக் கொடுப்பது, இவைதான் நாளாந்த வேலை.

நான் பதினைந்து வருடமாக அவரிடம் போகிறேன். முதல் நாள் என் கோட்டை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வலது தோள் பதிஞ்சிருக்கு. பாரமான பை கொண்டு திரியிறனீங்களோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "பைக்குள்ள என்ன?" என்றார். சொன்னேன். "உவ்வளவையும் ஏன் ஒவ்வொரு நாளும் காவுறீங்கள்?" என்றார்.

இப்படித் துருவிக் கேட்பதை எங்கள் பேச்சில் விடுப்பு என்பார்கள். விடுப்புக் கேட்பவர்களை யாரும் மெச்சுவதில்லை. ஆனால் குணவதி கேட்பது ஊர்க்கதை அறிவதற்காக அல்ல. ஒரு உடுப்பு ஏன் அந்த இடத்தில் தேய்ந்தது என்று தெரியாமல் அவரால் ஊசியைக் கையில் எடுக்க முடியாது. அந்தக் குணம் அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் நான் சொல்லப்போகும் கதை. பெரும்பகுதி அவர் வாயால் கேட்டது. கடைசிப் பகுதியை நானே நேரில் பார்த்தேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திய மார்ச் மாதம், பனி உருகிக்கொண்டிருந்த ஒரு காலை, நாற்பது வயது மதிக்கத்தக்க கறுப்பினப் பெண் ஒருவர் கடைக்கு வந்தார். ஒரு கல்லூரியில் பகுதி நேரமாக ஓவியம் கற்பிப்பவர். தாயார் பக்கத்து மாடிக் கட்டடத்தில் இருக்கிறார். பெயர் அன்ரனெற். அவர்கள் இருவரும் பேசியது ஆங்கிலத்தில். நான் தமிழில் தருகிறேன்.

பெயரைக் கேட்டதும் குணவதி சிரித்துவிட்டார். "யாழ்ப்பாணத்தில் என்னோடு படித்த இரண்டு பேருக்கு இந்தப் பெயர்."

"உண்மையாகவா? இது என் அம்மா ஜமேக்காவிலிருந்து கொண்டுவந்த பெயர் என்று நினைத்திருந்தேன்" என்றார் அன்ரனெற். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். "இதில் சொல்லியிருக்கும் உடுப்பை எனக்குத் தைத்துத் தர முடியுமா?"

இருநூறு வருடத்துக்கு மேல் பழைய பத்திரிகை ஒன்றின் பிரதி அது. குணவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

'ஓடிப்போய்விட்டாள்: சூக்கி என்னும் கறுப்புப் பெண். வயது முப்பதளவில். கட்டை, பருத்த உடம்பு. போகும்போது நீலக் கம்பளி ஜக்கெற், இடது முழங்கையில் மண்ணிறத் துணியால் ஒட்டுப் போட்டது. கோடு போட்ட பாவாடை இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. ஆண்கள் போடும் சப்பாத்து. நயாகராப் பக்கம் போயிருக்கலாம். பிடித்துத் தருபவருக்குத் தக்க சன்மானம்.'

"இது எந்த ஊரில் நடந்தது?"

"இந்த ஊரில்தான். அப்போது ரொறன்ரோவுக்கு யோர்க் என்று பெயர்."

குணவதி தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல. அடிமைகள் அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குத் தப்பி வந்தார்கள் என்று மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்திருக்கிறார். கனடாவிலிருந்து தப்பி ஓடினார்கள் என்று ஒரு புத்தகத்திலும் பார்த்ததில்லை.

"இங்கேயும் வைத்திருந்தார்களா?"

"வைத்திருந்தார்கள். 1793இல் ஒரு சட்டம் வந்தது. அது இனிமேல் புதிதாகக் கொண்டுவரக் கூடாது என்றுதான் சொன்னது. ஏற்கெனவே இருந்தவர்களை விடுவிக்கவில்லை. சிலர் இங்கிருந்து எல்லை தாண்டி அமெரிக்கப் பக்கம் ஓடியிருக்கிறார்கள்."

அன்ரனெற்றின் திட்டம் இதுதான். இப்படியான நான்கு விளம்பரங்களை அவர் தெரிந்தெடுத்திருந்தார். நான்கும் பெண்களைப் பற்றியவை. ஒருத்திக்கும் படம் கிடையாது, முகம் தெரியாது. ஆனால் உடுப்பு மட்டும் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் பிடிப்பதற்கு அது வேண்டும். அந்த நான்கு உடுப்புகளையும் தைத்து, இன்று இந்த நகரத்தில் வாழும் நான்கு கறுப்பினப் பெண்கள் அணிந்து, ஓகஸ்ட் முதலாம் திகதி பட்டப்பகலில் நடக்க வேண்டும். 1834இல் பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை முடிவுக்கு வந்த நாள் அது. பிறகு உடுப்புகள் கண்காட்சிக்குப் போகும்.

"ஒளிந்து போனவர்கள் ஒளியாமல் நடந்து போவதை நான் பார்க்க வேண்டும்" என்றார் அன்ரனெற்.

குணவதிக்கு அது விளங்கியது. விளங்காதது வேறொன்று. "அளவு இல்லாமல் எப்படித் தைப்பது?"

அன்ரனெற் தாளை விட்டுவிட்டு, யோசித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் குணவதி ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. சிப் ஒன்றைத் தலைகீழாகத் தைத்துப் பிரித்தார். வீட்டுக்குத் தாளைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். கணவர் மகேஸ்வரன் ஓய்வு பெற்ற லொறிச் சாரதி. தேவைக்கு மேல் கதைக்காதவர்.

"இஞ்சருங்கோ, ஒரு பொம்பிளை ஏன் இரண்டு பாவாடையை ஒன்றுக்கு மேல ஒன்று உடுத்திருப்பாள்?"

"குளிருக்காக்கும்."

"பேப்பரில யூன் மாசம் எண்டு போட்டுக் கிடக்கு."

மகேஸ்வரன் சோற்றைப் பிசைந்தபடியே, "உமக்கு ஏன் உந்தத் தேவையில்லாத வேலை?" என்றார்.

குணவதிக்கு அதற்குள் இரண்டு பாவாடையின் காரணம் தெரிந்துவிட்டது. எண்பத்தேழாம் ஆண்டு ஒக்ரோபரில், யாழ்ப்பாணத்தில் செல் குண்டுகள் விழத் தொடங்கியதும் வீட்டைவிட்டு ஓடிய அன்று, அவரே இரண்டு சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெளிக்கிட்டார். கையில் பை இருந்தால் மறிப்பார்கள், எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். உடம்பில் இருப்பதை யாரும் பை என்று சொல்வதில்லை.

அடுத்த நாள் அன்ரனெற்றைத் தொலைபேசியில் கூப்பிட்டு மூச்சுவிடாமல் சொன்னார். "அவள் திடீரென்று ஓடவில்லை. யோசித்து ஓடியிருக்கிறாள். பொட்டலம் கட்டினால் பார்ப்பார்கள் என்று உடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஒட்டையும் பாருங்கள். எசமான் தன் அடிமையின் முழங்கைக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்திருப்பானா? அவளேதான் போட்டிருப்பாள். அவளுக்குத் தையல் தெரியும். சப்பாத்துத்தான் எனக்கு விளங்கவில்லை. அது யாருடைய சப்பாத்து?"

"மூன்று வருடமாக இந்தத் தாள் என் சுவரில் இருக்கிறது" என்றார் அன்ரனெற். "இரண்டு பாவாடை என்பதை நான் வறுமை என்றுதான் வாசித்தேன்."

குணவதி தன் ஓட்டத்தைப் பற்றியும் சொன்னார். எல்லாம் ஒன்றுதானே என்ற தொனி அதில் கொஞ்சம் வந்திருக்க வேண்டும். அன்ரனெற் மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னார்: "நீங்கள் ஓடியது போரிலிருந்து. உங்களைத் தன் சொத்து என்று யாரும் பத்திரிகையில் போடவில்லை. இரண்டும் ஒன்றல்ல."

"ஒன்றல்லத்தான்" என்று ஒப்புக்கொண்டார் குணவதி. அது அவருக்குச் சுட்டது. ஆனால் வேலையை ஏற்றுக்கொண்டார்.

மாதிரிக்காக அக்காலத்து ஜக்கெற் ஒன்றின் வெட்டு வரைபடத்தை அன்ரனெற் எங்கோ தேடிக் கொண்டுவந்தார். இருவரும் அதை மேசையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அமிர்தநாதர் வந்தார். எழுபது தாண்டியவர், குணவதியின் பழைய வாடிக்கையாளர். அவருக்கு ஒரு கால் மற்றதைவிடக் கட்டை. காற்சட்டையின் இரண்டு காலையும் இரண்டு நீளத்தில் மடித்துத் தைக்க வேண்டும். அன்ரனெற்றை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார்:

"என்ன தங்கச்சி, கறுவலுகளின்ர வேலையும் எடுக்கத் தொடங்கிட்டியளோ? உதுகளிட்டக் கவனம்."

காற்சட்டையை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். அன்ரனெற் நிமிர்ந்து, "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"வேலை பிந்திவிட்டதாம்" என்றார் குணவதி.

அந்தப் பொய் அவரை நாலு நாள் அரித்தது. கறுப்பினத்தவரை இளக்காரமாகக் குறிக்க அமிர்தநாதர் சொன்ன சொல் குணவதிக்குப் புதியதல்ல. முப்பது வருடத்துக்கு மேலாக அவரும் அதே சொல்லைச் சொல்லியிருக்கிறார், பேருந்தில் பக்கத்தில் இருந்தவரைப் பற்றி, மகளின் தோழியைப் பற்றி, எந்தக் கோபமும் இல்லாமல், கதிரை மேசை என்று சொல்வதுபோல. கோபமில்லாமல் சொன்னால் பிழையில்லை என்று நினைத்திருந்தார். இப்போது அதை மொழிபெயர்க்க வேண்டி வந்தபோது வாய் வரவில்லை. வாயில் வராத சொல்லை இத்தனை நாள் எப்படிச் சொன்னேன் என்று தன்னையே கேட்டார்.

அடுத்த முறை அன்ரனெற் வந்ததும் குணவதி மெசினை நிறுத்திவிட்டு, "அன்றைக்கு நான் உங்களுக்குப் பொய் சொன்னேன்" என்று தொடங்கினார்.

"தெரியும்" என்றார் அன்ரனெற். "கறுவல்." ற-வும் ல்-லும் பிசகாமல் வந்தது. "நான் இந்தப் பிளாசாவுக்குப் பின்னாலிருக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வகுப்பில் பாதி தமிழ்ப் பிள்ளைகள். நான் படித்த முதல் தமிழ்ச் சொல் அதுதான். நீங்கள் என்னிடம் சொல்வீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

குணவதிக்குத் தலை குனிந்துவிட்டது. "நானும் சொல்லியிருக்கிறேன்" என்றார்.

"அதையும் நினைத்தேன்."

"நினைத்துமா திரும்பி வந்தீர்கள்?"

"இரண்டு பாவாடையைக் கண்டுபிடித்தது நீங்கள்தானே" என்றார் அன்ரனெற். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் குணவதி, மகளுக்குக்கூடச் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னார்.

பதினாறு வயதில் குணவதி யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் சின்னம்மாவிடம் தையல் பழகினார். ஒரு நாள் ஒரு தாய், மகளையும் கூட்டிக்கொண்டு, கலியாணச் சட்டை தைக்கத் துணி கொண்டுவந்தாள். சின்னம்மா அவர்களைப் வேலி வாசல் படலைக்கு உள்ளே வரவிடவில்லை. அளவு நாடாவையும் எடுக்கவில்லை. தூரத்தில் நின்று அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்து, கண் அளவில் வெட்டித் தைத்தார். ஏன் அளவெடுக்கவில்லை என்று குணவதி கேட்டார். அவைக்கு அளவெடுக்கிறேல்லை என்றார் சின்னம்மா. ஏன் என்று இன்னொருமுறை கேட்டதற்குக் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. சட்டை பொருந்தவில்லை. கலியாணத்தன்று அந்தப் பெண் கோயில் வீதியால் போனபோது, முதுகுப் பக்கம் முழுக்கச் சேஃப்டி பின் குத்தியிருந்ததைக் குணவதி வேலிக்கு மேலால் பார்த்தார். எத்தனை பின் என்று எண்ணவும் செய்தார். ஒன்பது.

"அவர்கள் யார்? ஏன் தொடக் கூடாது?" என்று கேட்டார் அன்ரனெற்.

சாதியை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவது குணவதிக்குக் கடினமாக இருந்தது. எங்கள் ஊரிலும் அடிமை என்று சட்டப்படி ஆட்கள் இருந்தார்கள், 1844 வரைக்கும் இருந்தார்கள் என்று எங்கோ வாசித்தது நினைவில் இருந்தது, அதைச் சொன்னார். சட்டம் போன பிறகும் அந்த மனிதர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படலைக்கு வெளியேதான் நின்றார்கள் என்பதையும் சொன்னார். சொல்லச் சொல்ல, தானே அதை முதல்முறையாகக் கேட்பதுபோல இருந்தது என்று என்னிடம் சொன்னார்.

"அந்தப் பெண்ணின் பெயர் என்ன?" என்றார் அன்ரனெற்.

குணவதிக்குத் தெரியவில்லை. அரை மைல் தூரத்தில் இருந்தவள். அன்றிரவே ஊரிலிருக்கும் மச்சாள் கனகாம்பிகைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்.

"உதையெல்லாம் ஏன் இப்ப கிண்டுறாய், குணம்? அந்தப் பக்கம் எங்களுக்கு ஆரைத் தெரியும்?" என்றாள் கனகாம்பிகை.

"அதைத்தான் நானும் கேக்கிறன். ஏன் எங்களுக்கு ஒருத்தரையும் தெரியேல்லை?"

மச்சாள் கதையை மழைக்கு மாற்றிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருக்கும் நாளில், நான்கு பெண்களும் அளவெடுக்க வந்தார்கள். சூக்கியின் உடுப்பை அன்ரனெற்தான் அணிவதாக இருந்தது. அவரும் கட்டை, பருத்தவர். மற்ற மூவரில் ஒருவர் மருத்துவமனைத் தாதி, ஒருவர் பேருந்துச் சாரதி, ஒருத்தி பல்கலைக்கழக மாணவி. குணவதி வடையும் தேநீரும் வைத்திருந்தார். கதவை மூடித் திரையை இழுத்துவிட்டு ஒவ்வொருவராக அழைத்தார். கழுத்து, தோள், மார்பு, கை, முழங்கை வளைவு, இடுப்பு. ஒவ்வொரு அளவையும் வாய்விட்டுச் சொல்லி எழுதினார். வழக்கத்தைவிட இருமடங்கு நேரம் எடுத்தார். பேருந்துச் சாரதி கண்ணாடியில் அவரைப் பார்த்து, "என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக யாரும் என்னை அளக்கவில்லை" என்றார்.

"உங்களுக்கும் வலது தோள் பதிவு. ஏன்?" என்றார் குணவதி.

"இருபத்திரண்டு வருடமாகக் கதவுப் பிடியை அந்தக் கையால் இழுக்கிறேன்."

தைக்கத் தொடங்கியதும் சண்டைகளும் தொடங்கின. அன்ரனெற் வரைந்த படத்தில் முழங்கை ஒட்டு கோணல்மாணலாக, பெரிய பெரிய தையலோடு இருந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த வாழ்க்கையின் கரடுமுரடு தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். குணவதி படத்தைத் தள்ளி வைத்தார்.

"முழங்கையில் இப்படித் தைத்தால் ஒரு கிழமை நிற்காது. ஓடுவதற்கு யோசித்து இரண்டு பாவாடை உடுத்தவள், ஒட்டை மட்டும் யோசிக்காமலா போட்டிருப்பாள்?"

"கலைக்குக் கொஞ்சம் மிகை வேண்டும், குணவதி."

"அவளைத் தையல் கைவராதவள் ஆக்கித்தான் அந்த மிகை வர வேண்டுமா?"

இரண்டு கிழமை இது இழுபட்டது. கடைசியில் குணவதி மெசினைத் தொடாமல், நெருக்கமான சின்னத் தையலாகக் கையால் போட்டுக் காட்டினார். அன்ரனெற் விரலால் தடவிப் பார்த்தார். மண்ணிறத் துணியின் ஓரம் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை, கண்ணுக்குத்தான் தெரிந்தது. "சரி. நீங்கள் சொல்வதுதான்" என்றார்.

அக்காலப் பெண்கள் பொக்கற்றைப் பாவாடையோடு சேர்த்துத் தைப்பதில்லை, தனிப் பையாகத் தைத்து இடுப்பில் நாடாவால் கட்டிப் பாவாடைக்குக் கீழே தொங்கவிடுவார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, குணவதி சூக்கிக்கும் ஒன்று தைத்தார். விளம்பரத்தில் அது இல்லை. "எசமானுக்குத் தெரிந்ததுதானே விளம்பரத்தில் இருக்கும்" என்றார். அதற்குள் என்ன வைத்திருப்பாள் என்று ஒரு முழு மாதம் யோசித்தார். வருகிற எல்லோரிடமும் கேட்டார், என்னிடமும் கேட்டார். நான் ரொட்டித் துண்டு என்றேன். பல் வைத்தியர் கத்தி என்றாராம். குணவதி ஊசியும் நூலும் என்றார்.

இதற்கிடையில் அமிர்தநாதர் இன்னொரு காற்சட்டையோடு வந்தார். மேசையில் விரிந்து கிடந்த நீலக் கம்பளியைப் பார்த்து, "இன்னும் அவளின்ர வேலைதானோ?" என்றார்.

"ஓம் அண்ணை. இன்னொன்று சொல்லோணும். அந்தக் கறுவல் எண்ட சொல்லு இந்தக் கடைக்குள்ள வேண்டாம்."

"எல்லாரும் சொல்லுறதுதானே?"

"நானும் சொன்னனான். இப்ப விட்டிட்டன்."

அமிர்தநாதர் காற்சட்டையைச் சுருட்டிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியேறினார். இரண்டு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு வந்தார். மற்ற இடங்களில் அவருடைய கட்டையான காலுக்கு யாரும் அளவாகத் தைக்கவில்லை. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பிள்ளையின்ர உடுப்பெல்லாம் முடிஞ்சுதோ?" என்று மட்டும் கேட்டார்.

ஓகஸ்ட் முதலாம் திகதி சரியான வெக்கை. பழைய யோர்க் நகரம் இருந்த இடத்தில், கிங் வீதியும் ஜார்விஸ் வீதியும் சந்திக்கும் மூலையில், காலை பத்து மணிக்கு நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தோம். நான்கு பெண்களும் நடுவில் நின்றார்கள். நீலக் கம்பளியும் இரண்டு பாவாடையுமாக அன்ரனெற்றுக்கு அப்போதே வேர்த்து ஒழுகியது. ஆண்களின் சப்பாத்து இரண்டு அளவு பெரிது, உள்ளே துணி அடைத்திருந்தார். குணவதி கழுத்தில் அளவு நாடாவோடும், இடுப்புப் பையில் ஊசி நூலோடும் பின்னால் நின்றார். மகேஸ்வரன் தண்ணீர்ப் போத்தல் பெட்டியை ஒரு சின்னத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்றார். யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.

விளம்பரம் சொன்னபடி நயாகராப் பக்கம், மேற்கு நோக்கி நடந்தார்கள். ஒரு பேச்சுமில்லை, மேளமில்லை. நான்கு பெண்கள் நடைபாதையின் நடுவால், அவசரமில்லாமல், வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தபடி நடந்தார்கள். அலுவலகக் கட்டடங்களின் வாசலில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். வயதான கறுப்பினத்தவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் எங்களோடு நடக்கத் தொடங்கினார்.

ஸ்பதைனா வீதி தாண்டியதும் அன்ரனெற்றின் பெரிய சப்பாத்து வெளிப்பாவாடையின் கரையை மிதித்து, ஒரு முழ நீளத்துக்குத் தையல் விட்டுப்போயிற்று. ஊர்வலம் நின்றது. குணவதி நடைபாதையில் முழந்தாளிட்டு ஊசியில் நூல் கோத்தார். பக்கத்தில், வீதித் தண்டவாளத்தில் ஓடும் ஸ்றீட்கார் ஒன்று சிவப்பு விளக்குக்கு நின்றது. யன்னலால் எட்டிப் பார்த்த ஒருவர், "என்ன படம் எடுக்கிறீர்கள்?" என்று கத்திக் கேட்டார்.

அன்ரனெற் வாயைத் திறப்பதற்குள், முழங்காலில் இருந்தபடியே குணவதி பதில் சொன்னார். "படமில்லை. இந்தப் பெண் இந்த ஊரில் இருந்தவள். பெயர் சூக்கி. ஒருவன் அவளைத் தன்னுடையவள் என்று சொன்னான். அவள் இல்லையென்று போய்விட்டாள்."

அவர் ஆங்கிலத்தில் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஸ்றீட்கார் புறப்பட்டது. யன்னலில் இருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். அடுத்த தரிப்பில் இறங்கி நின்று, நாங்கள் வரும்வரை காத்திருந்து, சேர்ந்துகொண்டார்.

பார்க்டேல் வந்து ஏரிக்கரைக்கு இறங்கியபோது நூறு பேருக்கு மேல் இருந்தோம். கனடா வந்த புதிதில் குணவதியும் மகேஸ்வரனும் குடியிருந்த இடம் அது. தாங்கள் இருந்த நிலவறை வீட்டைக் கடந்தபோது குணவதி அதைப் பார்த்தாரா என்று தெரியாது. அவருடைய கண் பாவாடைக் கரையில்தான் இருந்தது. ஏரிக்கரையில் அன்ரனெற் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி நின்றார். அழுதார் என்று நினைக்கிறேன். முகம் எங்களுக்கு மறுபக்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பேருந்துச் சாரதியும் இறங்கினார். பிறகு மற்ற இருவரும் இறங்கினார்கள். நான்கு பேரும் கை கோத்து நின்றதும் மாணவி ஏதோ சொன்னாள். நாலு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைப் பார்த்துக் கரையில் நின்ற நாங்களும் என்னவென்று தெரியாமலே சிரித்தோம்.

திரும்பும்போது நான் குணவதியோடும் மகேஸ்வரனோடும் ஒரே ரயிலில் வந்தேன். மகேஸ்வரன் வெறும் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "அவள் பிறகு பிடிபட்டவளோ?" என்று கேட்டார்.

"தெரியேல்லை. விளம்பரம் மூன்று கிழமை வந்திருக்கு. பிறகு இல்லை."

"பிடிச்சிருந்தாலும் நிப்பாட்டியிருப்பான். ஏலாதெண்டு விட்டிருந்தாலும் நிப்பாட்டியிருப்பான்."

"ஓம்."

"அப்ப நயாகராவில வேற பேப்பர் ஒண்டும் வாறேல்லையோ? அதைப் பாத்தா என்ன?"

குணவதி வாயைப் பிளந்து அவரைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடக் கலியாண வாழ்க்கையில் மனிதர் கேட்ட முதல் விடுப்பு அதுதான் என்று பிறகு என்னிடம் சொன்னார். இருவரும் அந்த இலையுதிர்காலத்தில் நயாகராவில் ஒரு நூலகத்துக்கே போய்ப் பழைய தாள்களைத் தேடினார்கள். சூக்கி அகப்படவில்லை. திரும்பும் வழியில் பழத்தோட்டமொன்றில் ஒரு கூடை பீச் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

உடுப்புகள் இப்போது ஊரூராகப் போகின்றன, பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும். பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் விளம்பரத்தின் பிரதியும், நடந்த நான்கு பெண்களின் பெயரும், தைத்தவர் பெயரும் இருக்கும். பிள்ளைகள் ஒட்டைத் தொட்டுப் பார்க்கலாம். அதை அன்ரனெற் அனுமதித்திருக்கிறார். ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, அந்த எசமானின் உடுப்பு எங்கே, அதையும் ஏன் தைக்கவில்லை என்று கேட்டாளாம். குணவதியும் அன்ரனெற்றும் அதைப் பற்றி இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன கிழமை நான் கடைக்குப் போனபோது குணவதி மேசையில் ஒரு புதிய தாள் இருந்தது. இந்தமுறை ஆண்களின் விளம்பரங்கள். ஒருவன் தோலால் செய்த காற்சட்டையோடு ஓடியிருக்கிறான். குணவதி வாழ்நாளில் தோல் தைத்ததில்லை. என் கோட்டை வாங்கி ஒரு பக்கம் போட்டுவிட்டு, சப்பாத்துத் திருத்துபவருக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார்: தோலுக்கு எத்தனையாம் இலக்க ஊசி, நூலுக்கு மெழுகு பூச வேண்டுமா, மழையில் நனைந்தால் அது இறுகுமா இளகுமா, இறுகினால் அவன் எப்படி ஓடியிருப்பான்.